ஏழாம் கூட்டில் மிஞ்சிய மஞ்சட்கரு

மாத்தறை
12.02.2025

அன்புள்ள அக்கா,

பொங்கலுக்குப் பிறகு பத்துத் தரமாவது போன் எடுத்திருப்பேன். ஒவ்வொரு தரமும் மணி அடித்து ஓய்ந்தது. நேற்று ஆமைச் சங்கத்துச் சுதாகரன் அண்ணாவைப் பிடித்துக் கேட்டேன். "அவா போனை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா. எழுதினால் வாசிப்பாவாம்" என்றார். சரி, எழுதுகிறேன். அவர் மாதம் இரண்டு தரம் நாயாற்றுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார், உங்கள் பதிலையும் வாங்கிக்கொள்வார்.

முதலில் வேலை, பிறகு சண்டை.

இந்த மாதம் ஏழாம் திகதி கரையேறிய ஆமையின் கூட்டுக்கு ஏழு என்று இலக்கம் போட்டிருக்கிறீர்களாம். அது எனக்கு வேண்டும். இங்கே தெற்குக் கரையில் ஆறு கூடுகளை நான் பார்க்கிறேன். கிழக்குக் கரைக்கு உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. குஞ்சுகள் தாமாக மேலே வந்ததும் இருபதைப் பிடித்து, இதோடு அனுப்பும் சின்னத் தராசில் நிறுத்து, படிவத்தில் எழுதி, அன்றே கடலில் விட்டுவிடுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

அப்படி எதைத்தான் தேடுகிறாய் என்று முன்பு ஒருதரம் கேட்டீர்கள். முட்டைக்குள் குஞ்சு வளர்ந்து முடிந்த பிறகும் மஞ்சட்கரு முழுக்கத் தீர்வதில்லை. மிச்சம் ஒரு பையாகத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்விடும். கடலில் முதல் இரையைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அதுதான் சாப்பாடு. தாய் கட்டிக் கொடுத்துவிட்ட சோறு என்று வையுங்களேன். அந்த மிச்சம் கூடினால் குஞ்சு நன்றாக நீந்துமா, அல்லது பாரத்தில் மெதுவாகிவிடுமா? குறைந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரண்டு வருடமாக இதைத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இனிச் சண்டை. ஜூலை ஆறாம் திகதி எனக்கு விமானம். அவுஸ்திரேலியாவில் நாலு வருடப் படிப்பு. அதற்கு முன் ஒரு நாள் உங்களோடு வந்து இருக்க வேண்டும். ஆனால் பொங்கலன்று நீங்கள் சொன்னது காதுக்குள் நிற்கிறது: "போறதெண்டால் போ. பிறகு என்ர வாசற்படி மிதியாதை. என்ர செத்தவீட்டுக்கும் வராதை."

நான் வரலாமா, கூடாதா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள் யது


நாயாறு
24.02.2025

மதிப்புக்குரிய ஆராய்ச்சியாளர் யதுர்ஷிகா அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது. தராசும் கிடைத்தது. பேனை வேறு அனுப்பியிருக்கிறாய். நாயாற்றில் பேனை விளையாது என்று நினைத்தாய் போலும்.

தாய் கட்டிக் கொடுத்த சோறு என்று எனக்கு விளங்கப்படுத்துகிறாய். உனக்குப் பதினொரு வயதிலிருந்து சோறு கட்டினவள் நான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு முரசுமோட்டை வயலை ஆளிடம் விட்டுவிட்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் திரிந்தவள். இந்த ஆமைக் காவலுக்கும் நீதான் என்னைக் கொண்டுவந்து இருத்தினாய். "அக்கா, கடற்கரைக் காற்று உங்களுக்கு நல்லது" என்றாய். உன் ஆராய்ச்சிக்கு நல்லது என்று சொல்லியிருக்கலாம், கோபித்திருக்க மாட்டேன்.

இனி உத்தியோகம். நாலாம் கூட்டைக் காட்டுப்பன்றி தோண்டிவிட்டது. ஐந்தும் ஆறும் வேலிக்குள் சுகம். உன் ஏழு, கடலுக்கு வெகு கிட்ட இருக்கிறது. என் காலடியில் அளந்து பார்த்தேன், பதினெட்டு அடி. பக்கத்து மீன்வாடிக் குடிசையில் இருக்கும் வீரபாகு அண்ணை இந்தக் கரையிலேயே வலை இழுத்து நரைத்தவர். அவர் சொல்கிறார், "உது அமாவாசைக் கடலுக்குத் தாங்காது பிள்ளை." முட்டைகளை எடுத்து மேட்டு வேலிக்குள் புதைக்கட்டா என்று கேட்டு எழுதுகிறேன். சொல்லாமல் செய்தால் நீ துள்ளுவாய்.

இங்கே தொழில் குறைவு. பாதி வாடி பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு வீரபாகு அண்ணையோடு நாலு வார்த்தை கதைக்கிறேன், அவருடைய நாயோடு நாற்பது. நாய் பதில் சொல்லாது, ஆனால் ஒளித்து வைக்கவும் மாட்டாது.

உன் கடைசிக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் நிரப்பவில்லை.

இப்படிக்கு,
விமலேஸ்வரி, காவலாளி


மாத்தறை
10.03.2025

அன்புள்ள அக்கா,

ஏழாம் கூட்டை மாற்ற வேண்டாம். தயவுசெய்து. மாற்றினால் முட்டை குலுங்கும், சூடு மாறும், மற்றக் கூடுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். ஆமைக்குத் தெரியாததா வீரபாகு அண்ணைக்குத் தெரியப்போகிறது? சுற்றிவரக் கம்பு நட்டு வலை கட்டுங்கள், போதும். எந்தக் காரணத்துக்காகவும் தோண்ட வேண்டாம்.

ஒளித்து வைத்தேன் என்று குத்துகிறீர்கள். ஒளித்ததுதான். கார்த்திகையிலேயே அவுஸ்திரேலியாவிலிருந்து இடம் தந்து கடிதம் வந்துவிட்டது. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு தரம் நாயாற்றுக்கு வந்தேன். ஒருதரம் நீங்கள் எனக்குப் புதுப் பாய் வாங்கி வைத்திருந்தீர்கள். மற்றத் தரம், நான் படிப்பு முடித்து முல்லைத்தீவில் வேலை எடுத்தால் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று பஸ்ஸுக்குள் முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தீர்கள். எப்படி அக்கா சொல்வது? பொங்கலன்று சொல்வதென்று முடிவெடுத்துத்தான் வந்தேன். அதற்குள் என்னோடு படித்த தனுஷா கடைத்தெருவில் உங்களைக் கண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டாள்.

நீங்கள் மட்டும்தான் தனியாக இருக்கிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த விடுதியில் தமிழ் கதைக்க எனக்கு ஒருவரும் இல்லை. நாள் முழுக்கச் சிங்களம், எழுதுவதெல்லாம் ஆங்கிலம். குஞ்சு நிறுக்கும்போது மட்டும் வாய்விட்டுத் தமிழில் எண்ணுகிறேன். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று சிரிக்கிறார்கள்.

இந்தப் படிவத்தின் கீழே பேனையால் ஒரு கட்டம் கீறியிருக்கிறேன். "யது வரலாமா?" ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

யது


நாயாறு
05.04.2025

யதுர்ஷிகா,

உன் ஏழாம் கூடு முடிந்தது. படிவம் இதனுடன். பதினெட்டுக் குஞ்சு. அதில் ஐந்து உயிரோடு. பதின்மூன்று செத்துவிட்டன. நீ முன்பு சொன்னபடி செத்தவற்றை ஸ்பிரிட் போத்தலில் போட்டுச் சுதாகரனிடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே நல்ல வெயில். வேறு புதினம் இல்லை.

விமலேஸ்வரி


மாத்தறை
14.04.2025

அக்கா,

வருடப்பிறப்பன்று இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்துவிட்டது.

போத்தல் நேற்று வந்தது. உங்கள் படிவத்தைப் பார்த்தபோதே மனம் சரியில்லை. பதின்மூன்று குஞ்சும் மற்ற ஐந்தைவிட இரண்டு மூன்று கிராம் குறைவு. நோயாக இருக்கும் என்று நினைத்தேன். போத்தலைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுப்பு நூலால் ஒரு முடிச்சு. பதின்மூன்று முடிச்சு. முடிச்சுக்கு மேலே வெட்டியிருக்கிறது. வயிற்றுக்குள் மஞ்சட்கருவே இல்லை.

யார் கட்டியது? நாய் கட்டாது, காட்டுப்பன்றி கட்டாது.

பேராசிரியர் போத்தலைப் பார்த்துவிட்டு, "உங்கட அக்காவுக்கு என்ன நடந்தது?" என்று சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஜூன் முடிவதற்குள் கிழக்குக் கரைக் கணக்கு இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அவுஸ்திரேலியாவும் இல்லை. இது உங்களுக்குத் தெரியும். பொங்கலன்று நான்தான் சொன்னேன்.

அதனால் கேட்கிறேன். நான் போகக்கூடாது என்பதற்காகவா செய்தீர்கள்? வேண்டுமென்றே செய்தீர்களா?

நான் கீறிய கட்டத்தையும் வெறுமையாகத்தான் விட்டிருக்கிறீர்கள்.

யதுர்ஷிகா


நாயாறு
25.04.2025

யது,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

மார்ச் இருபத்தொன்பது அமாவாசை. விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால் அலை உன் கூட்டுக் கம்பைத் தொட்டுத் திரும்புகிறது. இரண்டு கம்பை அதற்குள் கடல் கொண்டுபோய்விட்டது. வீரபாகு அண்ணை தொழிலுக்குப் போயிருந்தார். நீ தோண்டாதே என்று எழுதியது நினைவில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, கையால் தோண்டினேன். மேல் அடுக்கில் முட்டை உடைத்து வெளியே வந்த பதினெட்டுத்தான் கையில் கிடைத்தது. கீழே இருந்தவற்றை அடுத்த அலை எடுத்துவிட்டது.

வாடிக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. சின்ன நெல்லிக்காய் அளவு, மேலே சிவப்பு நரம்பு. மிஞ்சும் மஞ்சட்கரு வயிற்றுக்குள் போய்விடும் என்று நீ எழுதினாய். போவதற்கு முன் வெளியே எப்படி இருக்கும் என்று நீ எழுதவில்லை. என் கண்ணுக்கு அது தொப்புள்கொடி. நான் பார்த்துக்கொண்டிருக்கவே எறும்பு ஏறத் தொடங்கிவிட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் பிறந்த நாலு பிள்ளைகளுக்கு நான் கொடி வெட்டினேன். நான் என்ன படித்த நேர்ஸா? பக்கத்து பங்கரில் இருந்தவள், அவ்வளவுதான். டொக்டரிடம் கொண்டுபோக வழியில்லை. சவர பிளேட்டைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, சட்டை ஓரத்தில் நூல் உருவி, இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நடுவில் வெட்ட வேண்டும். கட்டாமல் வெட்டினால் இரத்தம் போய்விடும். வெட்டாமல் விட்டால் ஈ மொய்க்கும். முதல் பிள்ளைக்கு நூலைப் பல தரம் அவிழ்த்துக் கட்டினேன். நாலாவதுக்கு ஒரே தரத்தில் கட்டினேன்.

பதினாறு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கை அப்படியே இருக்கிறது யது. யோசிக்க முதலே தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டேன். அலுமாரியில் நூல்கட்டை கிடந்தது. ஒவ்வொன்றாகக் கட்டி, வெட்டி, மஞ்சள் தூள் வைத்தேன். பதின்மூன்றாவதோடு நூல் முடிந்துவிட்டது. மிச்சம் ஐந்தையும் ஈரத்துணியில் வைத்து மூடிவிட்டு, நூல் வாங்க முல்லைத்தீவுக்குப் போகலாம் என்று றோட்டில் போய் நின்றேன். அன்றும் மறுநாளும் பஸ் வரவில்லை. மூன்றாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தால் ஐந்துக்கும் பை உள்ளே போய் வயிறு மூடியிருக்கிறது. துள்ளுகின்றன. நான் வெட்டியவை ஆறு நாளைக்குள் ஒவ்வொன்றாகக் காலை நீட்டிவிட்டன. பஸ் வந்திருந்தால் அந்த ஐந்தையும் நான் கொன்றிருப்பேன்.

இன்னும் இருக்கிறது. நூல் எடுக்க அலுமாரியைத் திறந்தபோது போன் அங்கேதான் கிடந்தது. கையில் எடுத்தேன். உன் பெயரையும் பார்த்தேன். நானாக எடுத்தால் நான் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று திரும்ப வைத்துவிட்டேன். ஒரு கோல். "அக்கா, வெட்டாதேங்கோ" என்று நீ கத்தியிருப்பாய், பதின்மூன்றும் இருந்திருக்கும்.

வேண்டுமென்று செய்தாயா என்று கேட்டாய். இல்லை. ஆனால் உன் கடிதத்தில், பட்டம் இல்லாவிட்டால் பயணமும் இல்லை என்ற இடத்தை வாசித்தபோது, ஒரு நிமிடம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதன் பிறகுதான் வெட்கம் வந்தது. இதையும் மறைத்தால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

ஏப்ரல் பதினேழு ஒரு ஆமை ஏறியது. நல்ல மேட்டில் முட்டை இட்டிருக்கிறது. பன்னிரண்டாம் கூடு. ஜூன் முற்பகுதியில் பொரிக்கும். இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அக்கா


மாத்தறை
07.05.2025

அக்கா,

உங்கள் கடிதத்தை விடுதிக் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள். மாற்றட்டா என்று நீங்கள் கேட்டீர்கள், வேண்டாம் என்று எழுதியது நான். வீரபாகு அண்ணைக்கு என்ன தெரியும் என்றும் எழுதினேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. பேராசிரியரிடம் முழுவதையும் சொன்னேன். கடிதத்தில் இருந்த இடத்தை மொழிபெயர்த்தும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்தப் பன்னிரண்டாம் கூட்டைப் பார்ப்பம்" என்றார்.

மாத்தளனைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் கதைக்கவில்லை. எனக்கு நினைவிருப்பது, நீங்கள் என்னைப் பங்கருக்குள் தனியே இருத்திவிட்டு எங்கேயோ போவீர்கள். "அசையாதை, வாறன்" என்பீர்கள். நான் அசையாமல் இருப்பேன். வர வெகு நேரம் செல்லும். என்னை விட்டுவிட்டு அக்கா ஓடிவிட்டா என்றே ஒவ்வொரு தரமும் நினைப்பேன். அந்தக் கோபத்தை இவ்வளவு காலமும் வைத்திருந்தேன் அக்கா. எங்கே போனீர்கள் என்று ஒருதரம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஒன்று விளங்கவில்லை. உயிரோடு இருந்த ஐந்தையும் எந்தத் திகதியில் கடலில் விட்டீர்கள்? படிவத்தில் அந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கிறது.

யது


நாயாறு
22.05.2025

யது,

கேட்டுவிட்டாய். விடவில்லை.

ஏப்ரல் முதலாம் திகதியே விட்டிருக்க வேண்டும், பை உள்ளே போன அன்றே. மற்றவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்த நேரம். இந்த ஐந்துமாவது கண்முன்னால் இருக்கட்டும், கொஞ்சம் தேறிய பிறகு விடலாம் என்று நினைத்தேன். நீலப் பிளாஸ்ரிக் பேசினில் கடல்தண்ணீர் ஊற்றி விட்டேன். முதல் மூன்று நாளும் ஒரு நிமிடம் ஓயவில்லை. பேசின் சுவரில் மூக்கை இடித்து இடித்து நீந்தின. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. பசி இல்லாத பிள்ளைகள் என்று எனக்குப் பெருமை. நாலாம் நாள் அடங்கிவிட்டன. பிறகு இறாலைச் சின்னதாக அரிந்து போட்டேன், தின்னப் பழகிவிட்டன.

நாளைக்கு விடுவோம், நாளைக்கு விடுவோம் என்று ஐம்பது நாள் போய்விட்டது. சங்கத்துக்குத் தெரிந்தால் என் வேலை போகும். சுதாகரன் வரும்போது பேசினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவேன். இரண்டு செத்துவிட்டன. மூன்று இருக்கின்றன. நான் கிட்டப் போனால் மூன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு வருகின்றன. இந்தக் கரையில் என்னைக் கண்டால் கிட்ட வருகிற உயிர் வேறு எது இருக்கிறது சொல்லு. வீரபாகு அண்ணையின் நாயும் பங்குனியில் செத்துவிட்டது. உனக்கு எழுதவில்லை, நீ சிரிப்பாய் என்று.

காவல்காரி கள்ளியாகிப்போனாள். திட்டி எழுது.

அக்கா


மாத்தறை
30.05.2025

அக்கா,

திட்டவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த முதல் மூன்று நாளும் அவை ஓயாமல் நீந்தியது வருத்தத்தால் இல்லை. கரையைவிட்டுத் தூரக் கடலுக்குப் போய்ச் சேர்வதற்கான வேகம் அது. கரையோரத்தில் மீனும் பறவையும் காத்துக்கொண்டிருக்கும், அதைத் தாண்டும் வரை குஞ்சு நிற்காது. பசிக்காமல் இருந்ததும் அதனால்தான், வயிற்றுக்குள் மஞ்சட்கரு இருந்தது. அவ்வளவையும் பேசின் சுவரோடு செலவழித்துவிட்டன. நாலாம் நாள் அவை அடங்கவில்லை அக்கா, அது தீர்ந்துவிட்டது. என் தெற்குக் கரைக் கணக்கிலும் இப்படித்தான் வருகிறது. பிந்தி விட்ட குஞ்சு ஒவ்வொரு நாளும் மெதுவாகிறது. மிச்சம் கூடவா குறையவா என்பதைவிட, அது தீர்வதற்குள் விட்டோமா என்பதே பெரிதாக இருக்கிறது.

இப்போது கரையில் விட்டால் அந்த மூன்றும் அலையோடு திரும்பி வந்துவிடும். வீரபாகு அண்ணையின் படகில் தூரமாகக் கொண்டுபோய் விடுங்கள். தின்னப் பழகியிருப்பதால் தப்ப இடம் இருக்கிறது. சுதாகரன் அண்ணாவிடம் நானே சொல்லிவிட்டேன். கத்துவார், ஆனால் வேலையால் நிறுத்த மாட்டார்.

இனி என் கேள்வி. மூன்றாவது தரம் கேட்கிறேன். ஜூன் இருபத்தொன்பது ஞாயிறு நாயாற்றுக்கு வந்து, ஐந்து நாள் உங்களோடு இருந்துவிட்டு அப்படியே கொழும்புக்குப் போகிறேன். வாசற்படி மிதிக்கலாமா? நீங்கள் சமைக்க வேண்டாம், கதைக்கவும் வேண்டாம். பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்க விட்டால் போதும். உங்களைப் பார்க்காமல் என்னால் போக முடியாது.

யது


நாயாறு
22.06.2025

என் யதுவுக்கு,

பன்னிரண்டாம் கூடு ஜூன் எட்டாம் திகதி பின்னேரம் தானாகப் பொரித்தது. மண் முதலில் கொஞ்சம் இறங்கியது, பிறகு ஒரு மூக்கு, பிறகு சட்டியில் சோறு கொதிக்கிற மாதிரி எல்லாம் ஒன்றாக. நூற்றுநாலு. ஒன்றின் வயிற்றிலும் பை தொங்கவில்லை, எல்லாம் உள்ளே போய் மூடியிருந்தது. இருபதை மட்டும் நிறுத்தேன். மற்றதற்குக் கை வைக்கவில்லை. பொழுதுபட முதல் அவ்வளவும் கடலுக்குள். படிவத்தைச் சுதாகரன் கையோடு கொண்டுவந்து தந்திருப்பார். இலக்கங்கள் சரியாக இருந்தால் உனக்குப் பட்டம் நிச்சயம். எனக்கு ஒரு வரி எழுதிப்போடு.

அந்த மூன்றையும் ஜூன் பதினொன்று விடியக் கொண்டுபோனோம். வீரபாகு அண்ணை என்ஜினை நிறுத்தினார். பேசினைச் சரித்தேன். இரண்டு நேரே போய்விட்டன. ஒன்று போகவில்லை. படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் கையைத் தண்ணீருக்குள் வைத்தேன், விரலுக்குக் கிட்ட வந்து கழுத்தை நீட்டியது. இறால் கேட்கிறதாக்கும்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. அது போகட்டும்" என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார், "நீ நிண்டால் அதுவும் நிக்கும் பிள்ளை."

என்ஜினைப் போட்டுத் திருப்பிவிட்டார். வாடிக்கு வந்து பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்று முழுக்கச் சமைக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று தரம் கேட்டாய், இரண்டு தரம் நழுவினேன். பதில் இதுதான். வராதே.

கோபம் இல்லையடி. கோபம் சித்திரையோடு போய்விட்டது. எனக்கு என்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன். நீ வந்து பக்கத்தில் பாயைப் போட்டால் நான் உன்னை அனுப்ப மாட்டேன். முதல் நாள் சிரிப்பேன். இரண்டாம் நாள் உனக்குப் பிடித்த ஒடியற்கூழ் காய்ச்சுவேன். மூன்றாம் நாள் எனக்கு நெஞ்சு நோகும். பொய்யாக இல்லை, உண்மையாகவே நோகும். நீ கட்டிய பெட்டியைத் திறந்து உடுப்பை வெளியே எடுத்துவிடுவாய். இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு மாதம் என்று இருவருமே சொல்லிக்கொள்வோம். ஐந்து குஞ்சுக்கு அதைத்தான் செய்தேன். ஒன்றையும் வெறுத்துச் செய்யவில்லை, அவ்வளவும் ஆசையால் செய்தது.

ஆனால் உன்னைப் பார்க்காமல் அனுப்ப என்னாலும் முடியாது. அதனால் நான் வருகிறேன். ஜூலை ஐந்து சனிக்கிழமை முல்லைத்தீவில் பஸ் ஏறி ஆறாம் திகதி விடியக் கொழும்பில் இறங்குவேன். சுதாகரன் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் எல்லாம் கேட்டு அறிந்துவிட்டேன். பயணம் போகிறவர்கள் மட்டும்தானாம் உள்ளே. மற்றவர்களைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மறித்துவிடுவார்களாம். துவக்கோடு ஒருவன் நிற்பானாம், எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டானாம்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. எனக்கு அப்படி ஒருவன் வேண்டும். என்னை நானே மறிக்க என்னால் முடியாது.

கதவடியில் உன் கையைப் பிடிப்பேன். நான் விடமாட்டேன், நீதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். நோகுமே என்று பார்க்காதே, பலமாக இழு. உள்ளே போன பிறகு அக்கா போய்விட்டாவா என்று பார்க்க மனம் வரும். திரும்பிப் பார்க்காதே. நான் போயிருக்க மாட்டேன்.

உன் அக்கா
விமலேஸ்வரி